கீழே விழுந்த துறப்பணமும் சவிரி அண்ணையும்

சவிரிமுத்து அண்ணை இறந்த செய்தியை அவருடைய மனைவி பிலோமினா அக்காதான் தொலைபேசியில் சொன்னார். நான் ஜேர்மனியின் கிழக்கே டிரெஸ்டனில், வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், தண்ணீர்ப் போத்தல்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணை போட்டார் தங்கச்சி. காலமை தேத்தண்ணி குடிச்சவர், கதிரையில இருந்தபடியே..." என்றவர் வசனத்தை முடிக்கவில்லை. பிறகு, "வியாழக்கிழமை அடக்கம். தெர்மின் கிடைச்சிட்டுது" என்றார். அகதியாக வந்து இறங்கிய நாள் முதல் தெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கேட்டு அலுவலகங்களில் காத்திருந்த மனிதருக்கு அந்தச் சொல் கடைசியாக இன்னொருமுறை தேவைப்பட்டிருக்கிறது. மிச்சமிருந்த போத்தல்களுக்கும் எண் ஒட்டிவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.

வுப்பர்டாலில் அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் கத்தி தீட்டித் தருபவர். வீட்டின் கீழே கெல்லரில், அந்த நிலவறையில், ஒரு சிறிய சாணை இயந்திரம் வைத்திருந்தார். தீட்டிய கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கையில் தரும்போது, "கவனம், இது இப்ப உங்கடை பழைய கத்தி இல்லை" என்பார். அதைக் கேட்டும் விரலை வெட்டிக்கொண்டவர்கள் நம்மில் பலர். ஆனால் அவர் தொழிற்சாலைச் சாணையை ஏன் விட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திராது. அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

அப்போது நான் வுப்பர்டாலில் குடியிருந்தேன். நம்மவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போவேன். அண்ணை பக்கத்து ஊரான சோலிங்கனில் ஒரு கத்திப் பட்டறையில் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவருடைய இடது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. சாணைக்கல்லின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது. யார் கழற்றியது என்று விசாரணை வைத்தார்கள்; அண்ணைக்கு மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். மேற்பார்வையாளர் வெளிறிப்போய் ஒரு மூலையில் இருந்தார். பழி அவர்மேல் விழப்போகிறது என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணை என்னைப் பார்த்து, "கழட்டினது நான்தான். பெரிய கத்தியள் உள்ளுக்குப் போகேல்லை எண்டு நானாத்தான் கழட்டினனான்" என்றார்.

நான் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, இதைச் சொன்னா உங்களுக்குத்தான் பாதகம். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றேன்.

"நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ தங்கச்சி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

சொன்னேன். அடுத்த மாதமே அவரைச் சாணையிலிருந்து எடுத்து, கத்திகளைப் பெட்டியில் அடுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் சில வருடங்கள் எரிச்சல் இருந்தது. பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்தேன்.

டிரெஸ்டனுக்கு வந்தபின் மீன் வளர்க்கும் குளங்களில் தண்ணீர் மாதிரி எடுப்பது என் வேலையாயிற்று. கிராவுஸ் என்ற மனிதரும் அவர் தம்பி ஊவேயும் நடத்தும் கார்ப் மீன் குளங்கள் அவற்றுள் அடக்கம். குளிர்காலத்தில் குளம் உறைந்தால், அந்த மீன்கள் அடியில் அசையாமல் கிடக்கும். ஐஸின் மேல் வெண்பனியும் மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது. தண்ணீரில் பிராணவாயு குறையும். ஐஸைத் துளைத்து அளந்து பார்த்தால்தான் மீன்களின் நிலை தெரியும். அதற்குப் பண்ணையில் கையால் சுழற்றும் ஓர் ஐஸ்போரர் இருந்தது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த திருகு கம்பி, அதன் அடியில் இரண்டு அலகுகள்.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் அதைக் காரிலிருந்து இறக்கும்போது என் கைநழுவிக் கல்லில் விழுந்தது. பார்க்க ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குளத்தில் அது வெட்டவில்லை. சுழன்று சுழன்று ஐஸை மினுக்கியதே தவிர இறங்கவில்லை. அலகு மழுங்கிவிட்டதென்று நினைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் அரத்தால் இரண்டு பக்கமும் ராவினேன். அதற்குப் பின் இன்னும் மோசமாயிற்று. ஊவே அதைக் குளத்தின் அடிச் சரளையில் இறக்கிப் பாழாக்கிவிட்டான் என்று கிராவுஸ் தம்பியைத் திட்டினார். ஊவே மறுத்தான். அதோடு இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

கடையில் கேட்டோம். இந்தப் பக்கம் குளங்கள் உறைவதே அரிதாகிவிட்டதால் அலகு கையிருப்பில் இல்லை, வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். கோடரியால் கொத்தினால் அதிர்வில் மீன்கள் கலைந்து, உள்ள வலுவையும் இழக்கும். பனி விடாமல் கொட்டியது. நான் வுப்பர்டாலுக்கு, அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "அலகை மட்டும் அனுப்பட்டோ அண்ணை?" என்று கேட்டேன்.

"வேண்டாம். முழுசாக் கொண்டு வாங்கோ. கத்தியைப் பாக்க முன்னம் கத்தி இருக்கிற இடத்தைப் பாக்கவேணும்."

வெள்ளிக்கிழமை அதைப் போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டுபோனேன். கெல்லரில் அதைக் கண்டதும் அண்ணை, "அட, இது துறப்பணமெல்லோ!" என்றார். ஊரில் தச்சர்கள் மரம் துளைக்கும் கருவியைத்தான் அப்படிச் சொல்வார்கள். பழைய கண்ணாடித் தகடு ஒன்றின் மேல் அதை நேராக நிறுத்தி, ஒரு தாள்துண்டை அலகுகளின் கீழே செருகினார். ஓர் அலகின் கீழ் தாள் இறுகி நின்றது. மற்றதன் கீழ் தாராளமாகப் போய் வந்தது.

"ராவினது ஆர்?"

"நான்தான் அண்ணை."

"ஒரு பக்கம்தான் தீட்டவேணும். ரெண்டு பக்கமும் ராவினா அலகு ஐஸிலை கடிக்காது, வழுக்கும். அது சின்னப் பிழை. மற்ற அலகு இருக்கிற இடம் மேலை வளைஞ்சிருக்கு. இது எங்கை விழுந்தது?"

சொன்னேன். ஊவே திட்டு வாங்கியதையும் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "அந்தப் பெடியனுக்கு இது தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். வளைந்த இடத்தைக் கிடுக்கியில் இறுக்கி, தாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுகும்வரை சிறிது சிறிதாக நிமிர்த்தினார். பிறகு, குறைபட்ட விரல்களால் அலகைப் பிடித்துச் சாணையில் வைத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் தோய்த்தார். ஒருநாள் முழுதும் எடுத்தது.

நான் நன்றி சொல்லிப் புறப்பட்டபோது அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். "நானும் வாறன். வெட்டிப் பாக்காமல் சரியெண்டு சொல்ல ஏலாது. இஞ்சை எங்கை ஐஸ் கிடக்கு?" பிலோமினா அக்கா இரண்டு கம்பளிக் காற்சட்டைகளை அவர் பையில் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாங்கள் குளத்தடிக்குப் போனோம். கிராவுஸ் கரையில் நின்றார். ஊவே தள்ளிக் கொட்டகை வாசலில் நின்றான். அண்ணை துறப்பணத்தை ஐஸில் நிறுத்தி, நெஞ்சைக் கொடுத்துச் சுழற்றினார். நாலைந்து சுற்றில் வெண்ணிறத் துருவல் குவிந்தது. பிறகு அடியில் ஏதோ விட்டுக்கொடுத்தது போல இறங்கி, தண்ணீர் மேலே வந்தது. கிராவுஸ் கை தட்டினார். "நல்லாய் வெட்டுது" என்று சொல்லிவிட்டு அண்ணை என்னைப் பார்த்தபடி நின்றார்.

நான் கிராவுஸிடம் ஜேர்மனில் சொன்னேன். விழுத்தியது நான், ராவிக் கெடுத்ததும் நான், ஊவே அல்ல. கிராவுஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பித் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஊவே வந்தான். நான் அவனிடமும் சொன்னேன். அவன் அண்ணையின் கையிலிருந்து துறப்பணத்தை வாங்கி இரண்டாவது துளையைப் போட்டான். கிராவுஸும் தம்பியும் அந்தத் துளைக்குள் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள்.

பிராணவாயுவின் அளவு அபாயத்துக்குக் கிட்ட இருந்தது. அன்றே ஓடைத் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பி, வெண்பனியைப் பட்டை பட்டையாக ஒதுக்கினார்கள். நாலாம் நாள் அளவு ஏறத் தொடங்கியது. வசந்தத்தில் வலை இழுத்தபோது மீன்கள் உயிரோடு இருந்தன. கிராவுஸ் இரண்டு மீன்களை வுப்பர்டாலுக்குக் கொடுத்தனுப்பினார். அண்ணை தொலைபேசியில், "சேத்து மணம் கொஞ்சம் கிடக்கு தங்கச்சி. ஆனா அக்காவின்ரை கறித்தூளுக்கு முன்னாலை அது நிக்கேலாது" என்றார். அதுதான் நாங்கள் சிரித்துப் பேசிய கடைசித் தடவை.

அடக்கத்தின்போது பாதிரியார் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார். அது சரிதான். நான் நினைவில் வைத்திருப்பது வேறொன்று. அன்று குளத்தில் வேலை முடிந்து, மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். அண்ணை மட்டும் துளையருகில் அசையாமல் நின்றார். நான் திரும்பிப் போய் என்னவென்று கேட்டேன்.

"நான் இவ்வளவு காலம் இந்த நாட்டிலை இருந்தும் ஐஸிலை ஏறினதில்லை. வரேக்குள்ளை துறப்பணம் கையிலை இருந்தது, தெரியேல்லை. இப்ப காலுக்குக் கீழை தண்ணி எண்டு நினைக்க நடக்கேலாமல் கிடக்கு. பயமாக் கிடக்கு தங்கச்சி. கையைப் பிடியுங்கோ."

அதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. அந்த இடது கையைப் பிடித்துக் கரைவரை கூட்டி வந்தேன். கரை ஏறியபின்னும் சிறிது நேரம் அவர் கையை எடுக்கவில்லை, நானும் விடவில்லை. நுனியில்லாத அந்த இரண்டு விரல்களும் என் உள்ளங்கையில் அழுந்திய இடத்தை என்னால் இப்போதும் சரியாகக் காட்ட முடியும்.