நாற்பத்தொன்றாம் எண் குறிப்புக்கு வந்த பதில்

தேவகி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் சுதர்சனம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஆவடியில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மஞ்சள் காமாலை முற்றி, முந்தின நாள் மாலை மருத்துவமனையில் உயிர் போய்விட்டது என்றார். தேவகிக்கு வயது முப்பத்தெட்டு. "நீங்கதான் சார் எழுதணும். நான் சில விஷயம் சொல்றேன், குறிச்சிக்கோங்க" என்றார். பதினொரு நிமிடம் பேசினார். குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதை அவர் விரும்பியபடியே கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் எழுத வேண்டியவை சில உண்டு.

இதைப் படிப்பவர்களில் பலர் தேவகியை அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ பூந்தமல்லி கணினிப் பயிற்சி மையத்திலோ அறிந்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் வாகனப் பற்சக்கரம் செய்யும் ஆலை ஒன்றில் அவர் சி மொழியில் நிரல் எழுதினார். சுதர்சனம் அங்கே மேலாளர். சென்னீர்குப்பத்து ஏழுமலை அதே ஆலையில், உலையிலிருந்து சரக்கு வெளியே வரும் வெளிவாயிலில் தொழிலாளி.

இறந்தவர்களை இரக்கமே உருவானவர்கள் என்று எழுதுவது வழக்கம். தேவகியைப் பற்றி அப்படி எழுதினால் அவரே வந்து திருத்துவார். அவர் எதையும் மன்னிக்காதவர். நான் அவரை மதித்ததற்கு அதுதான் காரணம்.

எங்கள் முதல் சந்திப்பு நான் எழுதிய நான்கு வரிச் செய்தியால் நேர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். 'கவனக்குறைவு: தொழிலாளி மூன்று விரல்களை இழந்தார்' என்பது தலைப்பு. உலையிலிருந்து பற்சக்கரம் அடுக்கிய டிரே சீக்கிரம் வெளியே வரவேண்டும் என்று ஏழுமலை தானே பொத்தானை அழுத்திக் கையை விட்டதாக எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிறுத்தத்தில் ஒல்லியான ஒரு பெண் அந்தத் துண்டுச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"அவர் பொத்தானை அழுத்தினதை நீங்க பார்த்தீங்களா சார்?"

"பார்க்கல. மேனேஜர் போன்ல சொன்னார்."

"அப்ப மேனேஜர் சொன்னார்னு போட்டிருக்கணும்ல? சொன்னவர் பேரைப் போடாம எழுதினா, நீங்க சொன்ன மாதிரி ஆயிடுது."

அப்போது நான் செய்தியாளனாகிப் பதினேழு ஆண்டு ஆகியிருந்தது. 70ஆம் எண் பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அண்ணனூர்ப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே கேட்கீப்பர் அவருடைய அப்பா. "பேசாம ஒரு மணி நேரம் பாருங்க" என்றார். பார்த்தேன். ரயில் வருகிறதென்று நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. அப்பா கேட்டை இறக்கிவிட்டு வந்து, மூடியாயிற்று என்பதற்கு அடையாளமாகத் தன் தாளிலிருந்த பிரைவேட் நம்பர் ஒன்றைச் சொன்னார். தாளில் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, புத்தகத்தில் எழுதினார். அந்த எண் ஒரு ரயிலுக்கு ஒருமுறைதான். சற்று நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. கம்பியில் இரைச்சல், நிலையத்துக்காரருக்கு எண் காதில் விழவில்லை. அப்பா எழுந்திருக்கவே இல்லை. புத்தகத்தைப் பார்த்து அதே எண்ணைத் திரும்பச் சொன்னார்.

"ஏம்ப்பா, கேட்டை மறுபடி மூடலையா?" என்றார் தேவகி, எனக்குக் கேட்கும்படி.

"மூடின கேட்டை எப்படிம்மா மூடுறது? காலங்காத்தால வந்து கலாய்க்கிறியா?"

தண்டவாளத்தின் ஓரமாக நடந்தபடி தேவகி விளக்கினார். ஆலையில் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கணினி, உலைக்குப் பக்கத்தில் ஒரு கணினி. உலைக் கணினியில் ஓடும் சர்வர் நிரல் தானாக எதுவும் செய்யாது, அழைப்புக்காகக் காத்திருக்கும். அறையிலிருந்து 'ஒரு டிரே தள்ளு' என்று அழைப்பு வரும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. சர்வர் எந்த வேலை என்று பார்த்து, அதற்குரிய சி நிரல் துண்டை ஓடவிட்டு, டிரே நகர்ந்ததும் பச்சை விளக்கைப் போட்டுப் பதில் அனுப்பும். அழைத்த கணினி பத்து விநாடி பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் அதே எண்ணோடு மறுபடியும் அழைக்கும். தள்ளல் ஆறு விநாடியில் முடிந்தவரை தொல்லை இல்லை. பம்பு தேய்ந்து பன்னிரண்டு விநாடி ஆனபோது, முதல் தள்ளல் முடியும் முன்பே இரண்டாவது அழைப்பு வந்து வரிசையில் நின்றது. சர்வர் முதல் வேலையை முடித்தது, பச்சை விளக்கைப் போட்டது, அடுத்த அழைப்பை எடுத்தது, மறுபடியும் தள்ளியது. விளக்கைப் பார்த்து, டிரேயை இழுக்கும் கொக்கியை மாட்டப் போன ஏழுமலையின் கை நடுவில் இருந்தது.

"வந்த நம்பரையும் கொடுத்த பதிலையும் சர்வர் ஞாபகம் வச்சுக்கணும் சார். அதே நம்பர் மறுபடி வந்தா, வேலையைச் செய்யாம பழைய பதிலையே கொடுக்கணும். அதுக்கு ஒரே ஒரு வரி போதும். நான் அந்த வரியைப் போடல" என்றார். பிறகு சொன்னார்: "எங்கப்பா எட்டாங்கிளாஸ். நான் எம்.சி.ஏ."

தவறு தன்னுடையது என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் அதோடு முடியவில்லை. விபத்துக்கு நான்கு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை, சர்வர் எழுதி வைத்த பதிவில் ஒரே எண் இரண்டு வரியில் வந்திருப்பதைப் பார்த்தார். அன்று வெளிவாயிலில் யாரும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. உடனே அந்த வரியைச் சேர்த்தார். புதிய நிரலை ஏற்ற அரை மணி நேரம் உலையை நிறுத்த வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி, அடியில் கார்பன் வைத்து, தன் வரிசைப்படி எண் நாற்பத்தொன்று என்று போட்டு, சுதர்சனத்தின் கையில் கொடுத்தார். ஆயுத பூஜைக்கு எப்படியும் நிறுத்துவோம், அப்போது பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகத் தேவகி சொன்னார். பூஜைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. விபத்து திங்கட்கிழமை நடந்தது.

உள்விசாரணையில் சுதர்சனம், அப்படி ஒரு குறிப்பு தனக்கு வரவே இல்லை என்றார். வரவுப் பதிவேட்டில் அது இல்லை. கையில் கொடுத்த காகிதம் பதிவேட்டில் எப்படி இருக்கும்? கார்பன் பிரதியைப் பிறகு தயாரித்தது என்றார். உலைக் கணினியின் பதிவு அழிந்துவிட்டது என்றார். தேவகி தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னார். விசாரணை அதிகாரி களைத்துப்போய், "அம்மா, உங்க மேல இங்க யாரும் குற்றம் சொல்லலையே" என்றார்.

"அதுதான் சார் என் புகாரே" என்றார் தேவகி.

'தானே பொத்தானை அழுத்தினார்' என்ற வரியோடு ஏழுமலை வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மறுநாள் தேவகியிடமிருந்து கணினி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஒரு வரிதான் ஏழுமலைக்கு விரல்களைவிடப் பெரிய இழப்பு. தொழிற்பேட்டையின் எந்த வாசலுக்குப் போனாலும் அந்த உத்தரவு அவருக்கு முன்னால் போயிருந்தது. நான் முதன்முதலில் அவரைப் பார்க்கப் போனபோது பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார், இடது கையால்.

"இன்னா சார், நீதான் எழுதினியா? லைட்டு எரிஞ்சுது, கொக்கிய போட்டேன், மறுக்கா வந்துச்சு. பட்டனு எங்க கீது, நான் எங்க கீறேன்? எட்டி அழுத்த நான் இன்னா பல்லியா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓர் இளநீரை நீட்டினார். "குடி சார். ஏழுமலைன்னு பேரு வெச்சப்பவே எங்க நைனாவுக்குத் தெரிஞ்சிகீது, ஏழு வெரலுதான்னு." நான் சிரிக்கவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஏழுமலையின் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆபத்து இருப்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியுமா என்ற ஒரே கேள்வியில் ஆண்டுக்கணக்கில் நின்றது. தேவகி பூந்தமல்லியில் சி மொழி சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த மாதமே தொடங்கினார். நாற்பத்தொன்றாம் எண் குறிப்பை ஓர் எழுத்து மாற்றாமல், தேதிகூட மாற்றாமல் எழுதி, சுதர்சனத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். அடியில் ஒரே கேள்வி: 'இந்தக் குறிப்பு அந்த வியாழக்கிழமை தங்கள் கையில் கிடைத்ததா?' பதில் இல்லை. அடுத்த மாதமும் அனுப்பினார். அதற்கடுத்த மாதமும். சுதர்சனம் வேலையை விட்டுச் சொந்தமாக மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். கடிதம் அந்த முகவரிக்குப் போனது. ஒருமுறை நானும் தபால் நிலையத்துக்குக் கூடப் போனேன்.

"இன்னாம்மா, இந்த மாசமும் லவ் லெட்டரா?" என்றார் முத்திரை குத்துபவர்.

"ஆமாண்ணே. அவரு இன்னும் ஒத்துக்கல."

வெளியே வந்ததும், கேள்வியைக் கொஞ்சம் மாற்றி எழுதிப் பார்க்கலாமே என்றேன். "பதில் வராதவரைக்கும் அதே நம்பர், அதே கேள்விதான் சார். நம்பரை மாத்தினா அது வேற கேள்வி ஆயிடும். பழசு செத்துடும்" என்றார். விட்டுவிடலாமே என்று இன்னொருமுறை நான் சொன்னபோது கோபப்பட்டார். "மன்னிக்கிறது எனக்கு வசதி சார். தூக்கம் வரும். ஏழுமலைக்கு அதுல என்ன வசதி?"

திரும்பி வந்த ஒப்புகை அட்டைகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். எழுபத்தொரு அட்டைகள். எல்லாவற்றிலும் சுதர்சனத்தின் கையெழுத்து. கடைசி அட்டை தேவகி மருத்துவமனையில் இருந்தபோது வந்தது.

புதன்கிழமை அடக்கத்துக்குப் போயிருந்தேன். சுதர்சனம் வரவில்லை, ஆள் உயர மலர் வளையம் ஒன்றை வேனில் அனுப்பியிருந்தார், குறுக்கே ஜரிகை நாடாவில் தன் பெயரோடு. ஏழுமலை அதை வாங்கி, நாடாவைக் கவனமாக அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வளையத்தைத் தெருமுனையில் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் போட்டார். ஒரு பெரியவர், "இன்னாபா இது?" என்றார். "சார் அனுப்சது அண்ணாத்தே. ஆடு பசியில கீது" என்றார் ஏழுமலை. தேவகியின் அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இனி, அந்தத் தொலைபேசி. தேவகி இல்லாமல் போனதும் வழக்கும் போய்விட்டது என்று சுதர்சனம் நினைத்திருக்க வேண்டும். இருந்த ஒரே சாட்சி தேவகிதானே. பெருந்தன்மையாகப் பேச அவருக்கு ஆசை வந்திருந்தது. என் குறிப்பேட்டில் உள்ளபடி அவர் சொற்கள் இவை:

"அபார மூளை சார் அவளுக்கு. எல்லாம் என்கிட்ட வேலை கத்துக்கிட்டதுதான். அந்த ஆக்ஸிடென்ட் ஆச்சே, அதுக்கு நாலு நாள் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா. ஒரே நம்பர்ல ரெண்டு தடவை தள்ளுதுன்னு எழுதிக் கொண்டாந்து என் கையில கொடுத்தா. நான்தான் ஆயுத பூஜைக்கு நிறுத்துறப்ப மாத்திக்கோன்னேன். அன்னிக்கு இந்த ஊர்ல அதைக் கண்டுபிடிக்க வேற ஆள் இல்ல."

யார் சொன்னாலும் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அவருக்கும் மெதுவாகப் படித்துக் காட்டினேன். முதலில் அவர் 'சூட்டிகை' என்றுதான் சொல்லியிருந்தார். அதை 'அபார மூளை' என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். மற்றதெல்லாம் சரி என்றார். "இதை அப்படியே எழுதலாமா சார்?" என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க" என்றார்.

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தின் பிரதியை ஏழுமலையின் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் நீதிமன்றத்தில் கூண்டேறி அதையே சொல்வேன். நாற்பத்தொன்றாம் எண் குறிப்பு கிடைத்ததா என்று எழுபத்தொரு முறை கேட்டவருக்குப் பதில் வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவர் சார்பில் நான் வாங்கி, நேரத்தையும் கிழமையையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அட்டைகள் குத்திய கம்பியை அவருடைய அப்பா எனக்குக் கொடுத்தார். அது என் மேசையில் இருக்கிறது. அதைவிட நான் பத்திரமாக வைத்திருப்பது, ஓ.டி. நிறுத்தத்தில் அவர் என்னைத் திட்டியதை. அன்றிலிருந்து, சொன்னவர் பெயரைப் போடாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. சுதர்சனமும் தொலைபேசியை வைக்கும் முன் அதைத்தான் கேட்டார். "மறக்காம என் பேரையும் போடுங்க சார்" என்றார்.

போட்டிருக்கிறேன்.