இரண்டு ஆட்டோ

காலை பதினொன்றே காலுக்கு செகந்திராபாத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தேன். கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் பழைய ஹார்ட் டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது கரகரத்தது. இன்னும் ஒப்படைக்காத கல்யாணம் ஒன்று அதற்குள் இருந்தது.

"பெரிசா ஒண்ணு எடுத்துக்கங்க அண்ணா, அஞ்சு வருஷம் வாரண்டி," என்றார் கடைக்காரர்.

"நக்கோ, வேணாம். கெட்டுப்போனா கம்பெனிக்காரன் புது டிஸ்க் குடுப்பான், தாலி கட்டினதக் குடுப்பானா? வேற வேற கம்பெனில சின்னதா ரெண்டு குடு."

இரண்டுக்கும் சேர்த்து விலை கூடியது, ஆனாலும் வாங்கிவிட்டார். பழையது நின்றுபோவதற்குள் கடையிலேயே இரண்டிலும் கல்யாணத்தை ஏற்றினார்கள். மணப்பெண் சிரிப்பதை ஓட்டிப் பார்த்தார். ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டு, தன்னோடு வந்திருந்த மனைவியிடம் மற்றதைக் கொடுத்தார். வாசலில் இரண்டு ஆட்டோவை நிறுத்தினார்.

"ஒரே வீட்டுக்குத்தானே போறோம்?" என்றார் மனைவி.

"ஹவ், ஒரே வீடுதான். ஒரே ஆட்டோல வேணாம்."

அவருடைய ஆட்டோ கிளம்பியது. மனைவியின் ஆட்டோ அதன் பின்னாலேயே போனது.