என் முந்திரி மரங்களில் போட்ட சிவப்புக் கோடு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் வளர்ந்தது என் முந்திரிக் கொல்லையால்தான். அதற்குள் யார் கால் வைத்தாலும் கூடவே போய் நிற்பேன்.

போன வருஷம் பங்குனியில் ஒரு பெண் வந்தாள். சென்னையில் படிக்கிறவளாம். கையில் டேப்பு, பையில் சிவப்புப் பெயிண்ட். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி அளந்து, அளந்த இடத்தில் கோடு இழுத்து, நம்பர் எழுதினாள்.

"என்னாத்துக்கும்மா இந்தக் கோடு?" என்றேன்.

"மரம் காத்துல இருக்குற கரியப் புடிச்சி தன் ஒடம்புல சேத்து வெச்சிக்குது ஆயா. வெயிலு ஏற ஏற மரத்தோட வளத்தி கொறையுதான்னு பாக்கணும். அடுத்த வருஷம் இதே கோட்டுல அளப்பேன்."

செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் என் மூத்த மகன் சிரித்தான். "எம்மா, எங்க சூளைப் பொகைய எல்லாம் ஒன் மரந்தான் திங்குதாம். எரு செலவு மிச்சம் போ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்மாபுரம் பக்கம் என் தங்கை நிலத்துக்கு முதலில் டேப்பு வந்தது, அப்புறம் பெயிண்ட் வந்தது, அப்புறம் நிலக்கரிச் சுரங்கம் வந்தது. எங்கள் பக்கத்தில் மரத்துக்கு நம்பர் போட்டால் அதற்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். கரியாவது, காற்றாவது!

மறுநாள் விடிந்ததும் அரிவாளால் எல்லாக் கோட்டையும் சுரண்டிவிட்டு, மேலே சுண்ணாம்பு அடித்தேன்.

இந்த வருஷம் தையில் வர வேண்டிய பூ மாசியில்தான் வந்தது. வந்ததும் வெயிலில் கருகியது. பக்கத்துக் கொல்லைக்காரர் ஏதோ மருந்தடித்துவிட்டார் என்று அவரோடு பேச்சை நிறுத்தினேன். அப்போதுதான் அந்தப் பெண் மறுபடி வந்தாள். வெள்ளை மரங்களைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"எந்த எடத்துல அளந்தேன்னே தெரியலியே ஆயா. ஒரு வருஷ வேல போச்சே."

"பூவு ஏன் கருகுச்சி? அதச் சொல்லு மொதல்ல."

"வெயிலா இருக்கும்னு நெனைக்கிறேன். மரம் பெருத்துதா, அப்படியே நின்னுட்டுதான்னு அந்தக் கோட்ட வெச்சித்தான் பாக்கணும்."

"அப்ப என் மரம் வளருதா இல்லியான்னு ஒனக்கே தெரியாது?"

"தெரியாது ஆயா."

தங்கை நிலத்தை அளக்க வந்தவர்களில் ஒருவர்கூடத் தெரியாது என்று சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தார்கள். இவள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் என் மரம் நின்றுவிட்டதா என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

"அள. பெயிண்ட் மட்டும் ஆவாது. மஞ்சத்துணி கட்டு. அது கட்டுன மரத்துல எங்கூருல எவனும் கத்தி வெக்கமாட்டான்."

"துணி நழுவுமே ஆயா?"

"ஆணி அடிச்சிக்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

நின்றேன், கடைசி மரம் வரைக்கும். அவள் அளக்கத்தான் வந்தாள், நிலம் எழுதி வாங்க இல்லை என்பதற்கு எனக்கு ஆதாரம் வேண்டும். அதனால்தான் தெரிந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி இதை எழுதியிருக்கிறேன். நாளைக்கு அவள் சொல்லிக்கொண்டு போக வரும்போது இதன் அடியில் கையெழுத்து வாங்கப்போகிறேன்.

அடியே பேத்தி, போனைக் கீழே வை. இதை ஒருமுறை உரக்க வாசி. கொல்லை என்னுடையது என்று எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் நிறுத்தி வாசி.