அண்ணாந்தாரின் குறிப்புகள்

என் வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் படிப்பவர். மீட்டர்களெல்லாம் வாசற்படியோரக் குழிக்குள் இருப்பவை. குனிந்து பார்க்க வேண்டிய வேலை. இந்த மனிதரோ பத்தொன்பது வருடமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார். தெருவில் அவருக்கு 'அண்ணாந்தார்' என்றே பெயர். அவர் முட்டாத விளக்குக் கம்பம் கிடையாது. நெற்றி வீக்கத்துக்கு நான் ஐஸ்கட்டி வைக்கும்போதுகூட, "அந்த மருந்துக்கடை மேல ஒரு கல் ஆந்தை இருக்கு, தெரியுமா?" என்பார். எரிச்சலில் கட்டியை இன்னும் அழுத்தி வைப்பேன்.

பார்த்ததையெல்லாம் பதிவேட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதிவிடுவார். "கதவு பூட்டியிருந்தது", "நாய் உள்ளே விடவில்லை" என்று எழுதுவதற்காக வைத்த கட்டம் அது. இவர் எழுதுவது: "இரண்டாம் மாடியில் கல் ஆந்தை. ஒரு கண் இல்லை." "படிக்கட்டுச் சுவரில் பீங்கான் சில்லு பதித்த மீன். நல்ல நிலையில் உள்ளது." அதை எந்த ஜென்மமும் படித்ததில்லை. அதனால் வம்பும் இல்லை.

போன வருடம் பதிவேட்டை வாங்கிக்கொண்டு கையில் ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். அதிலும் குறிப்புக் கட்டம் இருந்தது. இவரும் வழக்கம்போலத் தட்டினார். தட்டுவதெல்லாம் பில்லில் அச்சாகி வீட்டுக்கே போகும் என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்கிறார். சொல்லியிருப்பார்கள். அப்போது இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பில் போன காலையில் நான் காய்கறி வாங்கப் போனேன். தெருவே பில்லும் கையுமாக அண்ணாந்து நின்றது. தையல்கடைக்காரர் நடுரோட்டில் நின்றுகொண்டு, பின்னால் ஹார்ன் அடித்த வேன்காரரிடம் சண்டைக்குப் போனார். "இருப்பா! முப்பது வருஷமா என் கடை மேல ஒரு சிங்கம் உட்கார்ந்திருக்கு. ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?" வேன்காரர் இறங்கி அவரும் பார்த்தார்.

எல்லோரும் அப்படி இல்லை. பேக்கரி முதலாளி நேரே அலுவலகத்துக்குப் போய்விட்டார். "தண்ணி எவ்வளவு ஓடுச்சுன்னு பார்க்கத்தானே ஆளு? எங்க மாடியை எதுக்குப் பார்க்கிறாரு?" நியாயமான கேள்விதான். அதிகாரி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நடை கிடையாது, கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளை அடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அந்த அறைக்கு ஜன்னலே இல்லை.

வீட்டுக்கு வந்தவர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாவமாக இருந்தது. திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, மேஜையை ஒழிக்கப் போனேன். எங்கள் வீட்டு பில் அங்கே கிடந்தது. 'குறிப்பு: பார்க்க ஒன்றுமில்லை.'

இரக்கம் போன இடம் தெரியவில்லை.

"என்னங்க இது? ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் சிங்கம், ஆந்தை. நாம குடியிருக்கிற வீட்டுக்கு ஒன்னுமே இல்லையா?"

"வெறும் சுவரும்மா. இல்லாததை எழுதச் சொல்றியா?"

"நீங்க சரியாப் பார்த்திருக்க மாட்டீங்க."

"நாலு பக்கமும் பார்த்தேன்," என்றார், தலை நிமிராமலே.

மறுநாள் பில்லை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரிக்கு என்னை யாரென்று தெரியாது. நானும் சொல்லவில்லை. "ஒரு புகார்," என்றேன்.

"தெரியும்மா. கண்டதையும் எழுதி வச்சிட்டாரு. ஆளை மாத்திட்டோம்."

"அது இல்ல சார். எங்க வீட்டுக்கு ஒன்னுமில்லைன்னு எழுதியிருக்காரு. நான் ஒத்துக்க மாட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் பில்லிலும் அதே 'ஒன்றுமில்லை'. "பக்கத்து வீட்டுக்கு மீன் இருக்கு, எனக்கு ஏன் இல்ல?" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார்.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. என் வீட்டுக்காரர் புலம்பிப் புலம்பி எனக்கே மனப்பாடம். பில்லில் அச்சான எதைப் பற்றிப் புகார் வந்தாலும், எழுதியவரே நேரில் போய் மறுபடி பார்க்க வேண்டும். அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். எங்களைப் பார்த்தார். கீழ்த்தளத்துக்கு ஆள் அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் தலையெல்லாம் தூசியோடு வந்தார். என்னைக் கண்டதும் விழி பிதுங்கியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

"போய் எல்லா வீட்டையும் மறுபடி பாருங்க. அது முடியற வரைக்கும் கோப்பு வேலை வேணாம்," என்ற அதிகாரி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏன்யா, நம்ம ஆபீஸ் மேல ஏதாவது இருக்கா?"

"ஒரு கழுகு இருக்கு சார். தினமும் அதுக்குக் கீழதான் வண்டி நிறுத்துறீங்க."

வாசலுக்குப் போன அதிகாரி சீக்கிரம் திரும்பவில்லை. அதன் பிறகு மாதாமாதம் புகார் வருகிறது. கோப்புகள் அப்படியே கிடக்கின்றன.

எங்கள் வீட்டை, நான் புகார் கொடுத்த அன்று மாலையே என் வீட்டுக்காரர் பார்க்க வந்தார். மெஷினும் கையுமாகத் தெருவில் நின்றார். மூன்றாம் மாடி ஜன்னலில் நான் காத்திருந்தேன்.

"நல்லாப் பாருங்க! இந்தத் தடவை சும்மா விடமாட்டேன்!"

அண்ணாந்து வெகுநேரம் நின்றார். சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு மெஷினில் ஏதோ தட்டினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, பில் வரும் என்றார்.

வந்தது.

'குறிப்பு: மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு பெண். கோபமாக இருக்கிறாள். நல்ல நிலையில் உள்ளது.'

அதற்கு நான் புகார் கொடுக்கவில்லை.