மிஸ் வெர்லீனின் குரல்

அமெரிக்காவின் கேரி நகரத்தில் எங்கள் கல்லூரியில் கறுப்பினப் பையன்கள் சேர்வது எளிது. பட்டத்தோடு வெளியே போகிறவர்கள்தான் குறைவு. அவர்கள் பாதியில் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் உதவித் திட்டம் உண்டு. இயக்குநர் டாக்டர் சக்ஸ். ஆனால் திட்டத்தை நடத்தியது, வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த வெர்லீன் டிப்ஸ்தான். நான் அங்கே கணக்கு வாத்தியார். எதிர் அறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

தினமும் காலையில் முந்தின நாள் வராதவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவார்.

"ராசா, இன்னும் படுக்கையிலயா? இருபது நிமிஷத்துல பஸ் வந்துரும். மூஞ்சியக் கழுவிட்டுக் கிளம்பு."

"மிஸ் வெர்லீன், எங்கம்மாகூட இப்படித் திட்டமாட்டாங்க."

"உங்கம்மாவும் நானும் ஒரே சர்ச்சுதான். அவங்க கேட்டுக்கிட்டதாலதான் திட்றேன்."

திட்டிய பிறகு காது கொடுத்துக் கேட்பார். அதுதான் முக்கியம். வேலை போனது, குழந்தைக்குக் காய்ச்சல், கார் நின்றது என்று அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, எங்களிடம் வந்து வாதாடி அவகாசம் வாங்கித் தருவார்.

ஒரு வசந்த காலத்தில் சக்ஸ் அவரை ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துப் போனார். "பசங்களுக்கு ஒரு வாழ்த்து, நாலு வார்த்தை விசாரிப்பு, அவ்வளவுதான்" என்றார். வெர்லீன் நம்பிப் பேசிக் கொடுத்தார். ஆகஸ்டில் அந்தப் பதிவை வைத்துத் தானே போன் செய்யும் இயந்திரம் வந்தது. வராத பையனின் தொலைபேசி அடிக்கும்; வெர்லீனின் குரல் நலம் விசாரிக்கும்; துண்டித்துக்கொள்ளும். வெர்லீனை விண்ணப்பங்களை அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

அக்டோபரில் மருந்துக் கடை வரிசையில் ஜவாரிஸைப் பார்த்தார். வெல்டிங் படிப்பில் முடிக்க ஒரே பருவம் பாக்கியிருந்த பையன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னடா, கண்ணு தெரியலையா?"

"உங்ககிட்டதானே சொன்னேன், மிஸ் வெர்லீன்? அம்மாவுக்குப் பக்கவாதம், மூணு வாரம் வர முடியாது, சார்கிட்ட சொல்லுங்கன்னு கெஞ்சினேனே. பாதியில வெச்சுட்டீங்க. வகுப்புலேர்ந்து பேரை அடிச்சுட்டாங்க."

"நான் எப்படா உன்கிட்டப் பேசினேன்?"

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

வெர்லீன் மருந்து வாங்காமல் வெளியே வந்துவிட்டதாக என்னிடம் சொன்னார்.

மறுநாள் சக்ஸின் அறைக்குள் நுழைந்தபோது கதவைச் சாத்தவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது.

"என் குரலை எடுத்துருங்க, டாக்டர்."

"இப்பவா? வெர்லீன், பசங்க உங்க குரலுக்குத்தான் போனை எடுக்கறாங்க. எடுக்கறவங்க எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கு தெரியுமா?"

"எடுத்தவன் என்ன சொன்னான்னு யாராவது கேட்டீங்களா?"

"அதுக்கு இதுல வசதி இல்ல."

ஜவாரிஸை மறுபடி சேர்க்க நானும் அவரும் மனுக் கொடுத்தோம். கெடு தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. அவன் கிடங்கு வேலைக்குப் போனான், திரும்பவில்லை.

நவம்பரில் நன்கொடையாளர்களுக்கு மதிய விருந்து. கோழி வறுவலுக்கு நடுவே சக்ஸ் அந்தப் பதிவை ஒலிக்கவிட்டார். "எப்படி இருக்கே, ராசா?" என்றது கூரையிலிருந்த ஒலிபெருக்கி. எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். வெர்லீனை எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

நின்றார். "இது என் தொண்டை மட்டும்தான். காதை விண்ணப்பம் அடுக்க அனுப்பிட்டாங்க" என்றார். அதையும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வெளியேறினார். அந்த வாரமே வேலையை விட்டார்.

அதன் பிறகு தன் சமையலறையிலிருந்து, தன் போனிலிருந்து, எண் தெரிந்த பதினொரு பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜூனில் அவர்களில் ஏழு பேர் பட்டம் வாங்கினார்கள். அந்த ஏழு பேரையும் இயந்திரத்தின் வெற்றி என்று சக்ஸ் அறிக்கையில் எழுதினார். அந்தப் பக்கத்தை நான் காட்டியபோது வெர்லீன் முழுதாகப் படிக்கவில்லை. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து என்னிடமே நீட்டிவிட்டு, கை கழுவப் போனார்.