என் சனிக்கிழமைகளை அவருக்குக் கொடுத்த வருடம்

ஆறு வருடங்கள், ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும், என் கணவர் கோயிலில் எரியும் கற்பூரத்தின் மேல் கையை நீட்டி, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆறு முறையும் நான் நம்பினேன். வீட்டைக் கழுவி, சன்னல்களுக்குப் புதுத் திரை தைத்து மாட்டி, தெருவெல்லாம் பட்டாசு வெடிக்கிற காலையில் புதுச்சேலையோடு நிற்கிறவளுக்கு எதையும் நம்பத் தோன்றும். தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதத்தை அவர் சிரமமில்லாமல் கடப்பார். காவடி இறக்கிய மறுநாள் சீனர் கடையின் பின்கட்டில் ரம் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தைய கதை இது. தலைநகர் போர்ட் லூயிஸில், டிராங்கெபார் என்ற பகுதியில் குடியிருந்தோம். அவர் துறைமுகத்துச் சர்க்கரைக் கிடங்கில் எழுத்தர். அரசாங்கப் பள்ளிகளுக்குத் தமிழ் சொல்லித்தரத் தேர்வு வைத்து ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், கோயில் கூடத்தில் சனிக்கிழமை பகல்களில் அந்தத் தேர்வுக்கு வகுப்பு தொடங்கினார்கள். வீட்டில் நாங்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான். ஆனால் என் அப்பா எனக்கு எழுத்து கற்பித்திருந்தார். நான் சேர்ந்துகொண்டேன். கணவர் தடுக்கவில்லை.

அந்த டிசம்பரில் எங்கள் வாத்தியார், “நல்லாப் படிப்பேன்னு யாரும் எங்கிட்ட சத்தியம் செய்யவேண்டாம். எந்த மாசத்துக்குள்ள எந்தப் பாடம் முடிப்பீங்க, அதை மட்டும் எழுதிக்கொண்டுவாங்க” என்றார். அந்தப் பேச்சை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“இந்த வருசம் கற்பூரத்துல கை வைக்காதீங்க,” என்றேன். “சாமிக்கே அலுத்துப்போயிருக்கும்.”

அவர் சிரித்தார். “அப்ப என்ன செய்யணும், மதாம்?”

“ஜனவரியில வார நாள்ல குடிக்கக்கூடாது, அவ்வளவுதான். ஈஸ்டருக்குள்ள ஞாயித்துக்கிழமையையும் விட்டுடணும். மே மாசம் குளிர் வர்றப்போ சனிக்கிழமையையும்.”

“நீ?”

“நவம்பர்ல தேர்வு எழுதணும்.”

இரண்டையும் ஒரே தாளில் எழுதினோம், இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு.

அவர் சொன்னபடி நடந்தார். வார நாட்கள் போயின, ஈஸ்டரில் ஞாயிறும் போயிற்று. நான் வாசிப்புப் பாடத்தை முடித்து இலக்கணத்துக்கு வந்திருந்தேன். சனிக்கிழமைதான் அவருக்கு முடியவில்லை. அன்றைக்கு வேலை நண்பகலோடு முடிந்துவிடும், கூட்டாளிகள் கிடங்கு வாசலிலேயே காத்திருப்பார்கள்.

“நீ வந்து வாசல்ல நில்லு,” என்றார் ஒரு வெள்ளிக்கிழமை. கண் கலங்கியிருந்தது. “உன்னைப் பாத்தா நான் போகமாட்டேன்.”

“எனக்கு வகுப்பு இருக்கே.”

“ஒரு மாசம். அப்புறம் நானே வந்துடுவேன்.”

போனேன். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் மூன்று கடைகள். ஒவ்வொன்றையும் கடக்கும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வளையல் பதிந்து சிவந்திருக்கும். வலித்தாலும் அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு மாதம் ஐந்து மாதமாயிற்று. ஒரு சனிக்கிழமைகூட அவர் தனியாக வரவில்லை. முதலில் வாத்தியார் குறிப்புகளை யாரிடமாவது கொடுத்தனுப்பினார், பிறகு அதுவும் நின்றது. செப்டம்பரில் வாத்தியாரைத் தேடிப் போனேன்.

“உங்க பேரை இந்த வருசம் தேர்வுக்கு அனுப்பலேம்மா,” என்றார். குரலில் கோபமே இல்லை. “பாதிப் பாடத்துக்கு நீங்க இல்ல. அடுத்த வருசம் வாங்க.”

சரி என்றேன். என் கணவர் ஒரு சொட்டு தொட்டு ஐந்து மாதமாகியிருந்தது. ஒரு வருடத்தில் ஒரு பக்கமாவது நிறைவேறட்டும், என் பக்கம் காத்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த புத்தாண்டன்று, பூசை முடிந்ததும் கோயில் கமிட்டிக்காரர்கள், குடியை விட்டது பற்றி அவரைப் பேசச் சொன்னார்கள். வெள்ளை வேட்டியில் நிமிர்ந்து நின்றார்.

“யாரும் எனக்கு உதவல. என் மன உறுதி, அவ்வளவுதான்,” என்றார்.

ஆண்கள் கை தட்டினார்கள். நான் பெண்கள் பக்கம், தூணோரம் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. பக்கத்திலிருந்தவள் என் தோளைத் தட்டி, “கொடுத்துவச்சவ நீ,” என்றாள். சிரித்தேன். அன்றைக்கே அவரைக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டபடியே, “இனி சனிக்கிழமைக்கு நான் வரவேண்டாமே. வகுப்புக்குப் போறேன்,” என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “அதெல்லாம் வேண்டாம்.”

“போன வருசம் சரின்னீங்க.”

“போன வருசம் நான் யாரு? குடிகாரன். இப்ப கமிட்டிக்காரன் பெண்டாட்டி ஆம்பளைங்களோட பெஞ்சில உக்காந்தா... கி திமூன் பு திர்? சனங்க என்ன சொல்லும்?”

அழுதேன், சாப்பாட்டைத் தள்ளினேன், இரண்டு நாள் பேசாமலிருந்தேன். எதற்கும் அவர் அசையவில்லை. குடித்த காலத்தில் மறுநாள் காலை தலை குனிந்தபடி காப்பி போட்டுக் கொண்டுவந்து தருவார், நான் என்ன கேட்டாலும் சரி என்பார். இப்போது குனிவதற்கு அவரிடம் எந்தத் தப்பும் இல்லை. தப்பில்லாத மனிதரோடு எப்படி வாதாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இளைத்திருந்தபோது என் கையைப் பிடித்தவர், தேறியபின் அதே கையை வீட்டுக்குள் வைத்திருக்கச் சொன்னார்.

வாத்தியாரிடம் போய்ச் சொல்லக்கூட எனக்குத் தைரியமில்லை. அந்த வகுப்பிலிருந்து நான்கு பேர் தேறினார்கள், இரண்டு பேர் பெண்கள். அவர்களில் ஒருத்தி ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊர்ப் பள்ளிக்கு வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தனியாகவே நடந்துவந்தார், ஒரு கடையிலும் நுழையவில்லை. அவருடைய காலடிச் சத்தம் கேட்பதற்கு முன், இன்றைக்காவது தடுமாறி வரமாட்டாரா என்று சமையலறையில் நின்று நான் ஏங்கியிருக்கிறேன். புருஷன் குடிக்கவேண்டும் என்று சாமியிடம் கேட்ட பெண்டாட்டி இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் தடுமாறவேயில்லை.

சுதந்திரம் வந்த வருடம், கோயில் கூடத்தில் இளைஞர்களைக் கூட்டிவைத்து, வாழ்க்கையில் குறிக்கோள் வைத்துக்கொள்வது எப்படி என்று அவர் பேசினார். மாதம் மாதமாகப் பிரிக்கவேண்டும், தாளில் எழுதவேண்டும் என்றார். பையன்கள் குறித்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு வடை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. ஆசிரியர் பயிற்சிக்கு எடுக்கும் வயதைத் தாண்டி வெகுநாளாகியிருந்தது.