இன்பமலரும் மூன்று பேராசிரியர்களும்

ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை இன்பமலருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர்களைக் கண்டாலே அவளுக்கு இளக்காரம். ஆனாலும் பதினெட்டு வருடமாக அவள் வீட்டு அடுப்பு எரிந்ததில் பாதி அவர்களால்தான்.

உயர்தரப் பரீட்சை நன்றாகத்தான் செய்தாள். மிகக் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் பல்கலைக்கழகம் தவறிப்போனது. சுனாமிக்கு அடுத்த வருடம் அவள் ஊரான உப்புவெளிக்கு வந்த ஒரு குழு, தமிழில் கேட்டு எழுத ஆள் தேடியது. கையெழுத்து அழகாக இருந்ததால் அவளை எடுத்தார்கள். அன்று பிடித்த கேள்வித்தாளை அவள் பிறகு கீழே வைக்கவேயில்லை. டெங்கு, நீரிழிவு, நிலத்தடி நீர், மீனவர் கேட்கும் வானொலி, யானை வேலி என்று அவள் ஏறாத படி இந்த மாவட்டத்தில் இல்லை. கணவன் வின்சன்ட் ஓட்டோ ஓட்டினான். தூர இடமென்றால் அவனே கொண்டுபோய் விடுவான்.

கேட்க வருகிறவர்களுக்குப் பதில் தேவையில்லை, பெட்டிக்குள் ஒரு சரி அடையாளம்தான் தேவை என்பது முதல் மாதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கூரை பறந்துபோன ஒரு வீட்டில், "உங்கள் கூரையில் எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்து வரை" என்று அவள் கேட்கவேண்டி வந்தது. அந்த வீட்டுக்காரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். "நல்ல வெளிச்சமாக் கிடக்கு பிள்ளை, அஞ்சு போடும்" என்றாள். இன்பமலர் அஞ்சு போட்டாள். கொழும்பில் இருந்தவர்கள் அதையும் சேர்த்துக் கூட்டி, வகுத்து, புத்தகம் அடித்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மூன்று பேராசிரியர்கள் ஒன்றாக வந்தார்கள். ஒருவர் பொறியியல், ஒருவர் ஊடகம், ஒருவர் மருத்துவம். மூன்று துறையும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியாம். அதன் பெயர் இரண்டு வரி நீளம். இன்பமலர் அதை ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. மூவரின் பெயரையும்கூட அவள் வீட்டில் சொல்வதில்லை. மணிக்கூட்டுக்காரர், படக்காரர், ஊசிக்காரர் என்பாள். வின்சன்டுக்கு அது போதும்.

எடுத்த விடயம் பிழையானதல்ல, அதை அவளும் ஒத்துக்கொண்டாள். கிண்ணியாவில் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிற சுழியோடிகள் இருக்கிறார்கள். ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு விறுக்கென்று மேலே வந்தால், இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி கட்டும். மூட்டு உளையும், கால் மரத்துப்போகும், சிலர் எழும்பாமலே போய்விடுவார்கள். வருடத்துக்கு ஒருவர் இருவர் என்று அது நடந்துகொண்டிருந்தது.

மணிக்கூட்டுக்காரர் மணிக்கூடுபோலக் கையில் கட்டும் ஒரு கருவி செய்திருந்தார். அது ஆழத்தையும் நேரத்தையும் பதியும், நேரம் கூடினாலும் வேகமாக ஏறினாலும் அதிரும். அவர் சுழியோடிகளோடு கதைத்ததைவிட அந்தக் கருவியோடு கதைத்ததுதான் கூட.

படக்காரர் விழிப்புணர்வுப் படம் எடுத்தார். நிலாவெளிக் கரையில், ஒரு துளி தண்ணீர்கூடப் படாத சுழியோடி உடுப்போடு ஒரு நடிகர் வந்து நின்று, "அன்பார்ந்த சுழியோடிகளே, மேலெழும்போது அவசரம் தவிர்ப்பீர்" என்றார். படம் எல்லோருடைய கைபேசிக்கும் போனது. அதற்குப் பிறகு கிண்ணியாத் தேத்தண்ணிக் கடையில் யாராவது கதிரையை விட்டுச் சட்டென்று எழும்பினால், "மேலெழும்போது அவசரம் தவிர்ப்பீர்!" என்று நாலு பேர் கத்துவார்கள்.

ஊசிக்காரர் இரத்தம் எடுக்கக் காலை ஒன்பது மணிக்கு வருவார். படகுகள் ஐந்து மணிக்கே போய்விடும். ஆகவே கடலுக்குப் போகாதவர்களின் இரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார். தேத்தண்ணிக் கடை முதலாளியும் ஒருமுறை கை நீட்டினார், சீனி பார்த்துச் சொல்வார்கள் என்ற எண்ணத்தில்.

இருபது சுழியோடிகளுக்குக் கருவி கொடுத்தார்கள். கிழமைக்கு மூன்று தரம் இறங்கியதற்கான பதிவு இருந்தால் கைபேசிக்கு ரீலோட் உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிண்ணியாவுக்குப் போய்ப் பதிவுகளை இறக்கி அனுப்புவது இன்பமலரின் வேலை. அவளுக்கு மேலே ஷிஃபானா என்று ஓர் ஆராய்ச்சி உதவியாளர். அக்கரைப்பற்றுப் பிள்ளை, முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் எதையும் மடிக்கணினித் திரையில் வந்தபிறகுதான் நம்புவாள்.

நாலாவது வெள்ளியன்று இன்பமலர் வழக்கத்தைவிட நேரத்தோடு போய்விட்டாள். அப்போதுதான் கரையேறிய ஒரு படகுக்குள் நைலோன் கயிறு கிடந்தது. கயிற்றின் நுனியில் ஓர் ஈயக்கட்டி. ஈயக்கட்டியில் மணிக்கூட்டுக்காரருடைய மூன்று கருவிகள் வரிசையாகக் கட்டியிருந்தன.

"உதென்ன தம்பி?" என்று றுமைஸிடம் கேட்டாள். முப்பத்தொரு வயதுக்காரன், அந்தப் படகில் நல்ல சுழியோடி அவன்தான்.

றுமைஸ் சிரித்தான். "அக்கா, அத நாங்க கட்டினா பன்னெண்டாம் நிமிசமே உதறத் தொடங்குது. பன்னெண்டு நிமிசத்தில எத்தின அட்ட எடுக்கேலும்? அதான் அத தனியா இறக்கி விட்டிருக்கம். எட்டுப் பாகம், நாப்பத்தெட்டு அடி போகும், ஆறுதலா மெல்ல ஏறும். சொல்லுக் கேக்கிற பிள்ள. எல்லாப் படகிலயும் இப்பிடித்தான்."

"நீங்கள்?"

"நாங்க இருவது பாகம். ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர்."

இன்பமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிவுகளை வழக்கம்போல இறக்கி அனுப்பினாள். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பேசாமல் இருந்தது சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் அல்ல. அந்த மூவரும் ஏமாறுவதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. பதினெட்டு வருடமாகச் சேர்ந்த இளக்காரத்துக்கு இப்படியொரு விருந்து கிடைத்ததில்லை.

மூன்றாம் மாதம் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் கூட்டம் வைத்தார்கள். பதிவுகள் சுவரில் ஒளிக்கோடுகளாக விழுந்தன. எல்லாக் கோடும் மெல்ல இறங்கி, மெல்ல ஏறின. இருபது பேரும் பழக்கத்தை மாற்றிவிட்டார்களாம்.

"கருவி வேலை செய்யுது," என்றார் மணிக்கூட்டுக்காரர்.

"கருவியை ஏன் கட்டினவங்கள்? படத்தைப் பார்த்துத்தானே," என்றார் படக்காரர்.

ஊசிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நேரில நின்று விளங்கப்படுத்தினதை நீங்கள் ரெண்டு பேரும் மறந்திட்டீங்கள்."

அதன்பிறகு கட்டுரையில் யாருடைய பெயர் முதலில் வருவது என்ற கதை தொடங்கியது. மதியச் சாப்பாடு ஆறும்வரை அது நடந்தது. கடைசிக் கதிரையில் இருந்த இன்பமலர், பொரித்த மீனைக் கிள்ளிக்கொண்டு மூன்று முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். ஈயக்கட்டிக்குப் பேராசிரியர் பட்டம் கொடுக்கலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து வின்சன்டுக்கு நடித்துக் காட்டினாள். வின்சன்ட் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கடைசியில் மட்டும் கேட்டான்:

"அப்ப அந்தப் பெடியனுக்கு ஏதும் நடந்தா?"

"எத்தினை வருசமா இறங்கிறாங்கள், ஒண்டும் நடக்காது," என்றாள் அவள்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், றுமைஸின் மனைவி பஸ்மியா கைபேசியில் அழைத்தாள். "அக்கா, இவர் கரைக்கு வந்த கையோட விழுந்திட்டார். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லையாம். ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாச்சு. உங்களுக்குப் பெரிய டொக்டர்மாரத் தெரியுந்தானே, வாங்கக்கா."

வின்சன்டின் ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷிஃபானா அங்கே நின்றாள். பஸ்மியா அவளுக்கும் சொல்லியிருந்தாள். றுமைஸ் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு நிமிர்ந்து கிடந்தான். முகம் சாம்பலாய் இருந்தது. கடமையில் நின்ற டொக்டர் இளம் ஆள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். றுமைஸ் சுவரைப் பார்த்தான். ஷிஃபானாதான் கைபேசியை நீட்டினாள்.

"எல்லாப் பதிவும் இருக்கு டொக்டர். இன்று காலையில் இறங்கியதையும் இப்பதான் அவர்ட கருவியிலிருந்து எடுத்தனான். எட்டுப் பாகம், பத்து நிமிடம், மெதுவாக ஏறியிருக்கிறார். எங்கட மருத்துவப் பேராசிரியரோடயும் கதைச்சனான். இந்தப் பதிவுக்குக் குமிழி கட்ட வாய்ப்பில்லை, முள்ளந்தண்டில வேற பிரச்சினையாக இருக்கலாம், முதலில் ஸ்கேன் எடுக்கச் சொல்றார்."

டொக்டர் கைபேசியில் இருந்த கோட்டைப் பார்த்தார். ஸ்கேனுக்கு எழுதப் பேனையை எடுத்தார்.

இவ்வளவு நாளும் இனித்துக்கொண்டிருந்தது இன்பமலருக்கு இப்போது இனிக்கவில்லை. கட்டிலைத் தாண்டி டொக்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அது றுமைஸ் இல்லை டொக்டர்," என்றாள். "அது ஈயக்கட்டி."

"என்ன?"

"மணிக்கூட்டைக் கயித்தில கட்டி இறக்கிறவங்கள். ரெண்டு மாதமா எனக்குத் தெரியும். இவர் இறங்கிறது இருபது பாகம், நாலு சிலிண்டர். தம்பி, வாயைத் திறந்து சொல்லும்!"

றுமைஸ் கண்ணை மூடிக்கொண்டான். "ஓம் டொக்டர். இண்டைக்கு அஞ்சு."

டொக்டர் ஷிஃபானாவின் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துறைமுகப் பக்கம் இருந்த அமுக்க அறைக்கு அழைப்பு எடுக்க ஓடினார். உடலை மறுபடியும் ஆழத்தின் அமுக்கத்துக்குக் கொண்டுபோய், மணிக்கணக்காக மெல்ல மெல்ல மேலே ஏற்றுகிற இரும்பு அறை அது. ஒரு மணித்தியாலத்துக்குள் றுமைஸ் அதற்குள் இருந்தான்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து ஷிஃபானா அழுதாள். "அக்கா, ஏன் எனக்கு நீங்கள் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்ல," என்று சொல்ல வாயெடுத்தாள் இன்பமலர். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் மூவரையும் ஒரு தராசில் வைத்து, தன்னை மறுதட்டில் வைத்தால் எது தாழும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் தெரியாமல் முட்டாள்களாக இருந்தார்கள். அவள் தெரிந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். பஸ்மியா வந்து, "அல்லாஹ் உங்களக் கொண்டுவந்து விட்டான் அக்கா" என்று கையைப் பிடித்தபோது, அந்த முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க ஏலவில்லை.

ஆறு நாள், ஆறு தரம் றுமைஸை அந்த அறைக்குள் வைத்து எடுத்தார்கள். வலது கால் முழுதாக வந்தது. இடது கால் இழுபட்டது. இனி இறங்கவே கூடாது என்றார்கள்.

பத்தாம் நாள் ஊசிக்காரர் நேரடியாக இன்பமலரை அழைத்தார். அதுவரை அவளுடைய இலக்கம் அவரிடம் இருந்ததில்லை.

"மிஸிஸ் வின்சன்ட், ஒரு சின்ன உதவி. அந்த ஆள் ஆராய்ச்சியிலிருந்து விலகினதாக ஒரு படிவம் வேணும். சம்பவத்துக்கு ஒரு கிழமை முந்தின திகதி போட்டால் நல்லது."

"மற்றப் பத்தொன்பது பேரின்ட பதிவும் பொய் சேர். அதை என்ன செய்யப் போறீங்கள்?"

"அதை நாங்கள் புள்ளிவிபரத்தில பார்த்துக்கொள்ளுவம்."

"அப்ப இவரையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கோ," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். அடுத்த நாள் மீதிப் படிவங்களையும் அடையாள அட்டையையும் ஒரு பையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டாள்.

கட்டுரை வந்தது. வராமல் இருக்குமா? பத்தொன்பது பேர், மிகச் சிறந்த விளைவு, மூன்று பெயர். மூன்று பேரும் சமமாகப் பங்களித்தார்கள் என்று கீழே ஒரு குறிப்பு. ஒரு பங்கேற்பாளர் தனிப்பட்ட காரணங்களால் விலகினாராம். கால் இழுபடுவது தனிப்பட்ட காரணம்தானே என்று வின்சன்டிடம் சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் ஷிஃபானா உப்புவெளி வீட்டு வாசலில் வந்து நின்றாள். தன்னுடைய ஆய்வேட்டிலிருந்து அந்தப் பதிவுகளை எடுத்துவிட்டாளாம். மேற்பார்வையாளராக இருந்த மணிக்கூட்டுக்காரர் கைவிட்டுவிட்டாராம். வேறொருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.

"உண்மையான ஆழமும் நேரமும் வேணும் அக்கா. நீங்கள் கேட்டா அவங்க சொல்லுவாங்க."

"கேட்டா எனக்கும் பொய்தான் சொல்லுவாங்கள். நீங்கள் கடலுக்குப் போயிருக்கிறீங்களோ?"

"இல்லை."

"ஒரு வருசம் கடலைப் பற்றி எழுதினீங்கள்," என்றாள் இன்பமலர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன விதமே போதுமாயிருந்தது.

அடுத்த ஞாயிறு விடியற்காலை இருவரும் கிண்ணியாவிலிருந்து படகில் போனார்கள். றுமைஸ் இப்போது எஞ்சின் பிடிக்கிறான், இடது காலை நீட்டி வைத்தபடி. கரை மறையுமுன்னே ஷிஃபானா வாந்தியெடுக்கத் தொடங்கினாள். கருவாட்டு நாற்றத்துக்கு ஒரு தரம், எண்ணெய்ப் புகைக்கு ஒரு தரம், பிறகு காரணமில்லாமலே. இன்பமலர் அவளுடைய முக்காட்டு நுனி நனையாமல் பிடித்துக்கொண்டாள். பரிதாபம் காட்டவில்லை.

சுழியோடிகள் இறங்கினார்கள். ஷிஃபானா தலையைப் படகு விளிம்பில் சாய்த்துக்கொண்டு, ஒரு கண்ணால் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தாள். முப்பத்தெட்டாம் நிமிடம் முதல் ஆள் தக்கைபோல் மேலே வந்தான். கயிற்றில் பார்த்த ஆழம் இருபத்தொரு பாகம்.

"எழுதினீங்களோ?" என்றாள் இன்பமலர்.

"ஓம்... இருபத்தொன்று... முப்பத்தெட்டு."

"வேகமா ஏறினவன். அதையும் எழுதுங்கோ."

பதினாலு தரம் அப்படிப் போனார்கள். ஒவ்வொரு தரமும் ஷிஃபானா வாந்தியெடுத்தாள், ஒவ்வொரு தரமும் எழுதினாள். ஆய்வேடு முடிய ஒன்றரை வருடம் பிடித்தது, கிடைத்தது சாதாரணச் சித்தி, வெறும் பாஸ்தான். இன்பமலர் அவளைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய், எழுதியதையெல்லாம் தமிழில் அந்த ஆட்களுக்கே வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குறுக்கே கேட்டார்கள், மறுத்தார்கள், இரண்டு இடத்தில் பிழை பிடித்தார்கள். ஷிஃபானா பேனை எடுத்துத் திருத்தினாள். பேனையோடு வந்த ஒருவர் தான் எழுதியதையே வெட்டுவதை இன்பமலர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு படகுக்காரர் நாலாவது சிலிண்டரை நிறுத்தினார்கள். மிச்சம் ஒன்பது படகும் நிறுத்தவில்லை. அவர்களையும் இன்பமலர் இப்போது அந்தப் பேராசிரியர்களைப் பார்த்த மாதிரித்தான் பார்க்கிறாள்.